அந்தரத்தில் என் சிறுநீரகம்

வெறும் காற்றைச் சுற்றி வருவதையே உத்தியோகமாக வைத்திருக்கும் மனிதர் தாமிரபரணிக் கரையில் ஒருவர்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் பிரிவில் இருக்கும் அவரை எல்லோரும் 'கண்ணாடி அண்ணாச்சி' என்பார்கள். பாதி ஹெல்மெட் போன்ற ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால், ஸ்கேனில் எடுத்த உறுப்பு அறை நடுவே மிதப்பதாக அவர் கண்ணுக்குத் தெரியும். நமக்கு அண்ணாச்சி மட்டும்தான் தெரிவார்.

முதல் நாள் நான் கதவைத் திறந்தபோது தரையில் மல்லாந்து படுத்திருந்தார்.

"அங்கனயே நில்லும் வே! ஒருத்தர் ஈரலுக்கு அடியில கெடக்கேன்!"

யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் சுவரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

என் நிலைமை சிரிக்கும்படி இல்லை. இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. வலது ஏற்கெனவே சுருங்கிப்போனது. இடதையும் எடுத்துவிட்டால் காலமெல்லாம் டயாலிசிஸ்தான். கட்டி ரத்தக்குழாயோடு ஒட்டியிருப்பதுபோல் படத்தில் தெரிவதால் முழுதாக எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொல்லியிருந்தார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் காலை, அண்ணாச்சி வெறுங்காலோடு வராந்தாவில் ஓடி வந்து, என்னோடு பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மாவை மறித்தார்.

"இவரு கிட்னிய ஒருக்கா சுத்தி வந்து பாருங்கம்மா. பின்பக்கம் ஒரு சந்து தெரியுது!"

டாக்டரம்மா ஸ்கேன் அறைக்கு வந்து கண்ணாடியை மாட்டினார். "பைய குனியுங்க, இன்னும் குனியுங்க" என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் சேலையோடு தரையில் முட்டி போட்டுத் தவழ்ந்தார். வாசலில் என் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆமா, கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவுல இடைவெளி இருக்கு" என்றார் டாக்டரம்மா, தவழ்ந்தபடியே. "கட்டிய மட்டும் எடுக்கப் பாப்போம்."

அண்ணாச்சி எனக்கும் கண்ணாடியை மாட்டிவிட்டார். பூசணிக்காய் அளவில் என் சிறுநீரகம் அந்தரத்தில் நின்றது.

"இம்புட்டுப் பெருசா?" என்றேன் ஓரடி பின்வாங்கி.

"பெருசாக் காட்டுனாத்தான வே பாதை தெரியும்!"

மறுநாள் கட்டி மட்டும் போனது. சிறுநீரகம் என்னோடு வீட்டுக்கு வந்தது. நன்றி சொல்லப் போனால் அண்ணாச்சி எரிந்து விழுந்தார். "வெட்டுனது டாக்டரம்மா. நான் சும்மா சுத்தி வந்தேன். வழியை விடும், அடுத்த ஆளு காத்துக் கெடக்காரு."

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அந்த அறைக்கு வெளியே திசையன்விளையிலிருந்து வந்த ஒரு பெண், கணவரின் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அண்ணாச்சி காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இவரையா நம்பி வந்திருக்கோம்?" என்றார் அந்தப் பெண் அழாத குறையாக.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "பயப்படாதீங்கம்மா. வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் உங்க வீட்டுக்காரர விட்டு அந்த மனுசன் நகரமாட்டாரு."