பாட வராத தலைவரும் கார்ன்வால் பாட்டும்

உலக நாகரிகத்தைக் காப்பாற்றியது காவிரிப் படுகை. காவிரிப் படுகையைக் காப்பாற்றிவருவது, வேதாரண்யத்தில் இயங்கும் 'இசை அடையாளப் பாதுகாப்பு மன்றம்'. அதன் நிறுவனத் தலைவர் பஞ்சநதம் அடியேன்தான். பாட வராது. பாதுகாக்க வரும்.

என் மகள் வானதி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் நர்ஸ். அந்த ஊர்க்காரர்களை 'இங்கிலீஷ்காரர்' என்றால் முகம் சுளிப்பார்களாம். பேச்சு வழக்கிலிருந்து மறைந்தேபோன தங்கள் மொழியைப் பாடிப்பாடியே மறுபடி எழுப்பினார்களாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. 'கார்ன்வாலைப் பின்பற்றுவோம்' என்று தீர்மானம் நிறைவேற்றினோம். எதைப் பின்பற்றுவது என்று ஆராயத் துணைக்குழு அமைத்தோம்.

ஆடி மாதம் வானதி லீவில் வந்தாள். கூடவே ஜாகோ. அவளுடைய மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், ஊர்ப் பாடகர் குழுவில் ஒருவர். கல்யாண மண்டபத்தில் 'இருநில இசைச் சங்கமம்' கூட்டினேன். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை மூன்றையும் நானே ஆற்றிய பிறகு விருந்தினருக்கு மைக் கிடைத்தது.

அவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாடினார். பக்கவாத்தியம் இல்லை.

"சுரங்கத்த மூடிட்டாங்களாம். அங்க வேலை பார்த்தவன் பிழைக்கக் கப்பலேறுறான். கடலே, ஊரைப் பாத்துக்கன்னு சொல்றான்" என்று பாட்டின் பொருளைச் சொன்னாள் வானதி.

மகளைக் கடல் தாண்டி அனுப்பிய என் மனைவி விஜயலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் தலைவர் என்பதால் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இப்ப உங்க பாட்டைக் கேக்கணுமாம், அப்பா."

செயலாளர் பரணிதரனுக்குக் கண் காட்டினேன். மன்றத்தின் 'மண்ணின் பாடல்' ஸ்பீக்கரில் முழங்கியது. செல்போன் செயலியிடம் சொல்லி, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தயாரித்த தொன்மையான பாடல். அதில் காவிரி ஒருமுறை வரும். என் பெயர் அடிக்கடி வரும். இரண்டாவது 'பஞ்சநதம்' வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

மின்விசிறிகளும் நின்றன. எனக்கு வியர்த்தது.

அப்போது வார்டு உறுப்பினர் அம்சம் எழுந்தார். ஜாகோ பாடிய அதே மெட்டு. வார்த்தை மட்டும் நம்முடையது.

"மேட்டூரு தொறந்தாச்சு, மேடை மேல மாலையாச்சு,
கடைமடை காஞ்சிருக்கே, தலைவருக்குக் கண்ணு போச்சா?"

மண்டபமே திருப்பிப் பாடியது. ஜாகோ தொடையில் தாளம் போட்டார். விஜயலட்சுமியின் குரல்தான் எனக்குத் தனியாகக் கேட்டது.

"நிறுத்துங்க! மெட்டு அயல்நாட்டு மெட்டு. வார்த்தைக்கு மன்றத்தோட ஒப்புதல் இல்ல!" என்றேன்.

"எங்க ஊரிலயும் கப்பல்ல வந்த மெட்டெல்லாம் இப்படித்தான் எங்களுதாச்சுங்கிறார், அப்பா."

"அங்க இதையெல்லாம் எந்த மன்றம் கண்காணிக்குது?"

வானதி கேட்டுச் சொன்னாள். "மன்றமெல்லாம் எதுக்கு, நாங்க பாடிடுவோம்கிறார்."

அந்த மக்களின் ஆதரவற்ற நிலைக்கு மறுநாள் அவசரக் கூட்டத்தில் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தோம். இனி இந்தப் பகுதியில் பாடுவோர் அனைவருக்கும் மன்றமே 'அடையாள அட்டை' வழங்கும் என்றும் முடிவெடுத்தோம். வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னேன். "பாடத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அட்டை. விதின்னா விதி. எனக்கே கிடையாது!"

விஜயலட்சுமி சோற்றைப் பரிமாறியபடி சொன்னாள்:

"உங்களுக்குத் தனியா எதுக்குங்க? வயல்ல இறங்குறவங்க கால்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்குமே, அதுக்கும் அட்டைன்னுதானே பேரு."