ஏழுமூச்சு இசக்கி எந்தக் கரை?

ஆற்றுக்கு இரண்டு கரைகள் இருந்ததால், மதகூர் நாட்டில் கட்சி கட்ட வேறு காரணம் தேவைப்படவில்லை. கிழக்குக் கரைக்கு ஆமை அணி, மேற்குக் கரைக்குக் கொக்கு அணி. தை மாதத்தில் இரண்டும் சடுகுடு ஆடும். வென்ற அணியின் கையில் ஓராண்டுக்கு மதகுச் சாவி இருக்கும். சாவி உள்ளவர்கள் தங்கள் கால்வாய்க்கு முதலில் தண்ணீர் விடுவார்கள். இரண்டாவது கால்வாய்க்கு மிச்சம் போகும். மிச்சம் என்று பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

மழைக்காலத்தில் ஆட்டம் கிடையாது. அந்த மூன்று மாதமும் வீரர்கள் கரை மாறலாம். புது அணியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் போதும், ஒப்பந்தம் முடிந்தது. ரசிகர்களோ, பிடித்த வீரரின் முகத்தைப் பூசணிக்காயில் சுண்ணாம்பால் வரைந்து வாசலில் தொங்கவிட்டு, அவர் போய்விடக் கூடாதே என்று காத்திருப்பார்கள்.

கிழக்குக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த செண்பகவடிவின் வாசலில் ஆமை அணியின் ஏழுமூச்சு இசக்கி தொங்கினான். மீசையை மட்டும் கரியால் வரைந்திருந்தாள். ஆமை அணி இரண்டு ஆண்டுகளாகத் தோற்று, கொடிக்காலில் பாதி காய்ந்துவிட்டது. இந்த ஆண்டும் தோற்றால் மீதியையும் வேரோடு பிடுங்க வேண்டியதுதான்.

"யக்கா, இசக்கி மேற்குக் கரையில எளநீ குடிச்சானாம்" என்றான் பக்கத்து வீட்டு மாசானம்.

"தாகம் எடுத்திருக்கும்ல."

"ரெண்டு எளநீ குடிச்சிருக்கான் யக்கா."

வடிவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இப்படி ஆளுக்கொன்று பேசுவது நாட்டுக்கு நல்லதல்ல என்று கருதிய அரசு, புரளித் துறை ஒன்றைத் தொடங்கியது. இனி குடிமக்கள் தாங்களாகப் புரளி பேசக் கூடாது. தரம் பார்த்த புரளியை நாளுக்கு மூன்று முறை அரசே முரசறைந்து வழங்கும். மக்கள் முரசுக்காகத் தெருவில் நின்றதில் நாற்று முற்றிப்போனது.

அமைச்சர் அகவல்நாதர் ஆய்வுக்கு வந்தபோது வடிவு கேட்டாள். "ஐயா, அவன் போறானா இல்லையா? நெசத்தச் சொல்லுங்க."

"அம்மா, உண்மைக்கு வேறு துறை இருக்கிறது. அதற்கு இன்னும் அமைச்சர் போடவில்லை."

இசக்கியே வெளியே வந்து, தன் உடம்பில் ஓடுவது ஆமை ரத்தம் என்றான். கிழக்குக் கரை முழுவதும் பாயசம் வைத்தது. மறுநாள் காலை அவன் தோளில் கொக்குத் துண்டு கிடந்தது. "கொக்கும் ஆமையும் ஒரே குளத்து உயிர்கள்தானே" என்று விளக்கமும் தந்தான்.

அழுத ரசிகர்களைக் கண்டு அரசு மனம் இளகியது. வீரர் கரை மாறினால் அவருடைய ரசிகர்களும் மாறியவர்களாகவே கருதப்படுவர், எனவே யாரும் வருந்தத் தேவையில்லை என்று சட்டம் வந்தது. வாசல் பூசணியே சான்று. அதிகாரிகள் தெருத்தெருவாக வந்து, தொங்கிய முகங்களைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்த முரசுகளில் ஆமை அணியின் மற்ற ஆறு வீரர்களும் போனார்கள். அவர்களுடைய பூசணிகளும் எழுதப்பட்டன.

தை வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினான்கு பேர். இந்தப் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது, அதையும் விரட்டினார்கள். இசக்கி மூச்சுப் பிடித்துப் பாடி வந்தான். தொடுவதற்கு ஆள் இல்லை. வெறும் மண்ணைச் சுற்றிவிட்டுத் திரும்பினான். ஆளைத் தொடாமல் புள்ளி கிடையாது. மாலை வரை பாடியும் ஆட்டம் சுழியத்திலேயே நின்றது.

"ஆட்டம் சமன். வழக்கப்படி சாவி கொக்கு அணியிடமே நீடிக்கும்" என்றார் அகவல்நாதர்.

வடிவு எழுந்தாள்.

"யக்கா, எங்க போற? உக்காரு" என்று மாசானம் சேலையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு அமைச்சர் முன்னால் போய்க் கை நீட்டினாள்.

"சாவியத் தாங்க."

"நீங்கள் கிழக்குக் கரை அம்மா."

"கரை கெழக்குதான். நான் கொக்கு. நீங்கதான எழுதிட்டுப் போனீய?"

அகவல்நாதர் ஏட்டைப் புரட்டினார். அவள் பெயர் இருந்தது. மாசானத்தின் பெயர் இருந்தது. கிழக்குக் கரை மொத்தமும் இருந்தது. கொக்கு அணியில் மேற்குக் கரைக்காரர்களைவிட அவர்களே அதிகம்.

"இதற்குச் சட்டம் இயற்ற மூன்று நாளாவது ஆகும்" என்றார் அவர் மெல்லிய குரலில்.

"மூணு நாளு போதும்யா" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

அன்று இருட்டும் முன் கொடிக்காலில் தண்ணீர் நின்றது. வடிவு வெறுங்காலோடு வரப்பில் நின்று, அது கொடிக்குக் கொடி ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முரசு கேட்டது. "கொக்கு அணியின் செண்பகவடிவு ஆமை அணிக்குத் தாவுகிறாரா? நம்பத் தகுந்த வட்டாரங்கள் மறுக்கவில்லை!"

மாசானம் மூச்சிரைக்க ஓடிவந்தான். "யக்கா, எங்கிட்ட மட்டும் சொல்லு. நீ எந்தப் பக்கம்?"

"கொடிக்கால் பக்கம். தண்ணி கட்டணும்."

அப்போதுதான் அவன் வாசல் அவள் கண்ணில் பட்டது. பூசணியில் இசக்கியின் மீசை அழிந்து, மூக்கில் வடிவின் மூக்குத்தி வந்திருந்தது. வடிவு விறுவிறுவென்று போய் அதை அறுத்து இறக்கி, அரிவாளால் இரண்டாகப் பிளந்தாள்.

"பாதி ஒனக்கு, பாதி எனக்கு. கூட்டு வையி."

"வைக்கிறேன் யக்கா" என்றான் மாசானம் மரியாதையோடு. அவள் மண்வெட்டியோடு தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, சுண்ணாம்பைக் குழைத்து வைத்துவிட்டு, புதுப் பூசணி வாங்கச் சந்தைக்கு ஓடினான். அங்கே மதகூரே வரிசையில் நின்றது.