பெயரில்லாத மூன்று

பகல் பன்னிரண்டுக்குள் பாடப்புத்தகத்தின் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகாவிட்டால், அவற்றை வடிவமைத்தவருக்கு வேலை போய்விடும். பக்கங்களோ ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரை விட்டு, அறையில் இருந்த புதியதற்கு வரமாட்டோம் என்று அடம்பிடித்தன. ‘மீதி ஆறு மணி நேரம்’ என்றது திரை.

கேபிளை மாற்றினார். ஒன்பது மணி நேரம் ஆனது. ரவுட்டரை அணைத்துப் போட்டார். பதின்மூன்று ஆனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

“மாப்பிள்ளைக்கு இதெல்லாம் வராதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்” என்று ஹாலில் மாமியார் ஆரம்பித்துவிட்டார். இனி அது மாலைவரை ஓடும்.

மாப்பிள்ளை நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“ரவுட்டர் பக்கத்தைத் திறங்க சார். என்னென்ன டிவைஸ் காட்டுது?”

“ரெண்டு கம்ப்யூட்டர், என் போன். இன்னும் மூணு இருக்கு. அதுக்கெல்லாம் பேரே இல்ல.”

“அதுங்கதான் ஸ்பீடை இழுக்குது. ஒவ்வொண்ணா பிளாக் பண்ணுங்க.”

முதலாவதை நிறுத்தினார். மூன்று மணி நேரமாகக் குறைந்தது. ஹாலில் மாமியாரின் பேச்சும் பாதியில் நின்றது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் காணாத நிம்மதி. அதே உற்சாகத்தில் இரண்டாவதன் மேல் மவுஸைக் கொண்டுபோனார்.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். “ஏங்க, அம்மா கண்ணைக்கூட சிமிட்டாம உக்காந்திருக்காங்க. கொஞ்சம் வந்து…”

அதற்குள் அவர் அமுக்கிவிட்டிருந்தார்.

மனைவியின் வாய் திறந்தபடியே இருந்தது. முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். தோளைத் தொட்டார். சூடு இருந்தது, மூச்சு இல்லை. திரை ‘மீதி ஒரு மணி நேரம்’ என்றதை அவர் பார்க்கவே இல்லை.

“மேடம், பிளாக்கை எடுங்க. வேலை போனாப் போகட்டும். எனக்கு என் பொண்டாட்டி வேணும்.”

“காப்பி ஓடிட்டிருக்கறப்ப எடுக்க முடியாது சார்” என்றாள் அவள், பதற்றமே இல்லாமல். “மூணாவதையும் நிறுத்துங்க. ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் எல்லாரையும் நானே ஆன் பண்ணிடறேன்.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“அது யாருன்னு தெரியாம எப்படிங்க நிறுத்தறது? இந்த வீட்டுல வேற யாருமே இல்லையே.”

“நீங்க இருக்கீங்களே சார்.”