தகப்பன் இருக்க மயில்வாகனம் பேசுவதா

நெளுக்குளம், வவுனியா
14.06.1961

மதிப்பிற்குரிய மைத்துனர் தில்லைநாதன் அவர்களுக்கு,

நல்லூர்க் கந்தன் அருளால் தாங்களும் பிள்ளைகளும் நலமே இருக்க வேண்டுகிறேன். இங்கே வயலும் மாடுகளும் சுகம். என்னைப் பற்றி உங்கள் தங்கை இராசேஸ்வரி எழுதியிருக்கக்கூடும். அதை நம்பவேண்டாம் என்பதற்காகவே இக்கடிதம்.

எங்கள் மகள் அருந்ததிக்குப் புளியங்குளத்து ஏரம்பரின் மகன் பாலனைப் பேசிவருவது தாங்கள் அறிந்ததே. சென்ற மாதம் ஏரம்பரின் தமையனார் காலமானார். முறைப்படி போனேன். இவ்வூர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் மயில்வாகனமும் கூட வந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் மரணத்தின் தத்துவம் குறித்து அரைமணி நேரம் மட்டுமே பேசினேன். அவரோ ஒரு சொல்லும் பேசாமல் பந்தலில் ஆட்கள் இருக்கக் கதிரை தூக்கினார், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார், எப்போது எழுந்து போனார் என்று எவரும் காணவில்லை. செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாதாம். பட்டதாரி ஒருவன் விடைபெறாமல் திருடனைப் போல நழுவுவதா? ஏரம்பரின் கையைப் பிடித்து, "போட்டு வாறன், கெதியிலை திரும்பவும் வருவன்" என்று பண்போடு சொன்னேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். ஏரம்பரின் தமக்கையார் மட்டும், "அடுத்தது ஆர் எண்டு பாத்து வைச்சிட்டோ போறியள், மாஸ்டர்?" என்று கேட்டார். அன்று முதல் அவ்வீட்டிலிருந்து எமக்கு ஒரு செய்தியும் இல்லை.

உங்கள் தங்கை தீர்ப்பு வழங்கிவிட்டாள். "முப்பத்தோராம் நாள் காரியம் முடிய, சம்பந்தம் கதைக்க மயில்வாகனத்தார் போகட்டும். அவருக்கு இங்கிதம் தெரியும்." இங்கிதம் என்பது பிறர் மனக்குறிப்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுதல் என்று மூன்று அகராதிகளை விரித்து விளக்கினேன். "ஓமப்பா, நீங்கள் அதைப் படிச்சனீங்கள். அவர் அப்பிடி நடக்கிறார்" என்றாள். இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் என்னை அவள் அப்படியொரு முகத்தோடு புகழ்ந்ததில்லை. அவர் வந்தால் தேநீரோடு பனங்கட்டி வருகிறது; எனக்குத் தேநீர் வருவதே அவர் வந்தால்தான். அவர் "மழை வரும்போலக் கிடக்கு" என்றாலும் மகள் சிரிக்கிறாள். என் நகைச்சுவைகளையோ எழுந்துபோய்க் குசினி அடுப்படியில் இருந்தே கேட்கிறாள்.

ஆகவே, தகப்பன் உயிரோடு இருக்கச் சீனி நிறுப்பவர் பெண்ணுக்குப் பேசப்போவது முறையன்று என்று தாய்மாமன் உரிமையோடு தங்கைக்கு உடனே எழுதவும். நானே போவேன். என் உரையின் முன்னுரை மட்டும் நான்கு பக்கம் ஆயத்தமாகிவிட்டது.

அங்குள்ள பெரியோர்க்கு என் வணக்கமும் சிறியோர்க்கு என் ஆசியும் உரியன.

இங்ஙனம்,
வை. சிற்றம்பலம், பி.ஏ. (இலண்டன்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மயில்வாகனம் வந்தார். "மாஸ்டர், தகப்பன் இருக்க நான் கதைக்கிறது சரியில்லை. நீங்களே போங்கோ. எனக்கும் கடையிலை வேலை கிடக்கு" என்றார். நான் வென்றேன். அருந்ததி அறைவாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அதைக் கண்டபின் அந்த நான்கு பக்கத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். தயவுசெய்து மயில்வாகனத்துக்கு எழுதி, அவரே போகவேண்டும் என்று வற்புறுத்துங்கள். நான் கேட்டதாக அவருக்குத் தெரியவேண்டாம். தெரிந்தாலும் தெரியாதவர் போலத்தான் இருப்பார்.