வேலியோரத்துச் சாக்குத் திரை

அந்த வேலியை மறைத்தே தீருவது என்று லிஃப்ட்காரர் ஒரு நாள் சாயங்காலம் முடிவு கட்டினார். வேலி அவரை ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்கு இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே கம்பிவலையாக நின்றுகொண்டிருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் அவர் மனைவி, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நர்ஸம்மா. வெயில் தாழ்ந்தால் போதும், இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கொசு கடிக்கிற வரைக்கும் பேச்சு, சிரிப்பு, மறுபடியும் பேச்சு.

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறவர். வேலையில் இருந்தவரை, சளசளவென்று பேசிக்கொண்டு வருகிறவர்கள்கூட லிஃப்டுக்குள் கால் வைத்ததும் வாயை மூடிக்கொண்டு, அவர் தலைக்கு மேல் ஓடும் எண்களைப் பார்ப்பார்கள். வீட்டோடு இருந்தால் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது என்றுதான் நம்பியிருந்தார் மனிதர். மனைவி அவரிடம் பேசுவது 'சாப்பாடு', 'கதவு', 'மோட்டார்' என்பதோடு முடிந்தது. அதிலும் மோட்டார், கரண்ட் இருந்தால்தான்.

கொல்லையில் கோழிக்கூண்டு இருந்தது. மாதாமாதம் தீவனம் வரும், தீர்ந்ததும் சாக்கு மிஞ்சும். மனைவி ஒரு சாக்கையும் வெளியே போட்டவள் இல்லை. கத்தரிச்செடி வளர்வது சாக்கில். வாசலில் மிதியடி சாக்கு. ஸ்கூட்டருக்குப் போர்வை சாக்கு. ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில், சேவல் படம் போட்ட சாக்கு. அந்த வீட்டில் காலிச் சாக்குக்கெல்லாம் வேலை இருந்தது. அவருக்குத்தான் இல்லை.

"ஏம்மா, மிச்சச் சாக்கையெல்லாம் எடுத்துக்கவா?"

"எதுக்கு?"

"வேலியில கட்டப் போறேன். காத்தடிச்சா புழுதியெல்லாம் செடி மேல வந்து படியுது."

"செடி உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

"சொல்லணுமா? பாத்தாலே தெரியுதே."

"இத்தனை வருஷமா தெரியலையே?"

"லிஃப்டுக்குள்ள உட்கார்ந்திருந்தவனுக்குப் புழுதி எப்படித் தெரியும்?"

"சரி, கட்டுங்க. சேவல் மட்டும் நம்ம பக்கம் பாக்கட்டும்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே சம்மதித்ததில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

சாக்கின் தையலில் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுக்கப் பிரியும். மறு நுனியை இழுத்தால் முடிச்சு விழும். அவர் கைக்கு எப்போதும் மறு நுனிதான் வந்தது. பிரித்து, விரித்து, கோணியூசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். ஊசி குத்திய விரலை மனைவி முன்னால் நீட்டினார்.

"நர்ஸக்காகிட்ட காட்டுங்க" என்றாள் அவள்.

திரை எழும்பிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் தலையை வாரிக்கொண்டு கொல்லையில் இரண்டு நாற்காலி போட்டார். மனைவி ஸ்டூலோடு வந்தாள். திரையை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள். பிறகு ஸ்டூலை வைத்துவிட்டு, வாசல் வழியாக இறங்கி நர்ஸம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

இப்படி ஒரு வழி இருப்பது அவர் மூளையில் உதிக்கவே இல்லை. முன்பெல்லாம் அவள் சிரிக்கிற முகமாவது கண்ணில் படும். இப்போது எதிரே வரிசையாகச் சேவல்கள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது.

அப்போது சாக்குக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே, நர்ஸக்கா..."

லிஃப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்து வேலியோடு ஒட்டினார்.

"தூங்கறப்ப அவர் உதட்டுல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. அதைப் பாக்கறதுக்கே நான் சீக்கிரம் எழுந்திருப்பேன்."

"கொடுத்துவெச்சவ நீ."

"பரண்ல இருக்கிற அண்டாவை மட்டும் யாராவது இறக்கிக் குடுத்தா தேவலை. அவரை எப்படிக் கேக்கறது? பாவம், வயசாயிடுச்சு."

வயசா? யாருக்கு? அவள் வீடு திரும்பியபோது அண்டா கூடத்தின் நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. இவர் இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில்.

"அட! நான் மனசுல நினைச்சேன், நீங்க செஞ்சு முடிச்சிட்டீங்களே!"

"சும்மா, பொழுது போகலை."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை அவரிடம் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் சாயங்காலம் என்றால் அவருக்குக் கல்யாண மாப்பிள்ளைக் களை. சாக்கோரம் உட்காருவார். தன் கை சுத்தம், தன் பொறுமை, தன் மீசை எல்லாம் அந்தப் பக்கம் புகழப்படுவதைக் கேட்பார். கடைசியில் எப்படியும் ஒரு ஏக்கம் வந்து நிற்கும். கோழிக்கூண்டு நாறுகிறது. குளியலறை பல்பு எரியவில்லை. துணி மடிக்காமல் மலையாகக் கிடக்கிறது. அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மனைவியின் மனதைப் படிக்கிற வித்தை தனக்கு வாய்த்துவிட்டதாக அவர் கண்ணாடியில் தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒரு நாள் அவர் முன்னதாகவே போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாற்காலி இழுக்கற சத்தத்தையே காணோமே. உன் ஆள் இன்னும் வரலையா?" என்றது நர்ஸம்மாவின் குரல்.

"வந்துடுவார்க்கா."

"இன்னிக்கு என்ன வேலை?"

"தண்ணித்தொட்டி கழுவணும். பாசி பிடிச்சுக் கிடக்கு."

"எதைச் சொல்லி ஆரம்பிக்கப் போற?"

"அவர் நடையழகை வெச்சிருக்கேன். நீங்களும் கொஞ்சம் சத்தமா பேசுங்கக்கா, அவருக்கு இடது காது மந்தம்."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. விருட்டென்று எழுந்தார். கொல்லைக்கதவு வரை போனார். உள்ளே வீடு கம்மென்று இருந்தது. உள்ளே போய் யாரோடு பேசுவது?

திரும்பி வந்தார். நாற்காலியை மாற்றிப் போட்டு, வலது காதைச் சாக்குப் பக்கம் கொடுத்து உட்கார்ந்தார். தான் வந்தாயிற்று என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, ஒரு முறை நன்றாகவே இருமினார்.