காணாமப் போன ரெண்டு அன்னம்

போட்டோ பிடிக்கிறது ஒரு கலை. கலைன்னா, இருக்கிறதைக் காட்டுறது இல்ல. இருந்தா நல்லாருக்குமேங்கிறதைக் காட்டுறது. அருப்புக்கோட்டையில பதினோரு வருசமா ஸ்டுடியோ வச்சு நான் கண்டது இதுதான். எங்கிட்ட ஒரு திரை உண்டு. நாடகக் கொட்டகைக்குப் படுதா எழுதுறவரு எழுதினது. ததும்பத் ததும்ப ஒரு ஏரி, நடுவுல ரெண்டு அன்னம். எங்க சீமையில கல்யாணம் முடிச்ச பாதிப் பேரு அந்த ஏரிக்கரையில நின்னவுகதான். ஒருத்தருக்கும் கால் நனைஞ்சதில்ல.

நாப்பத்தாறாம் வருசம் மழை பொய்ச்சுப்போச்சு. வறட்சி நிசமாவே இருக்கான்னு கண்டுபிடிக்கத் திருச்சுழியில ஒரு ஸ்பெஷல் ஆபீசு போட்டாக. அங்கருந்து ஒரு உத்தரவு வந்துச்சு:

"ஊருணியை ஆழப்படுத்தக் கோரும் கிராமத்தார், அது வறண்டிருப்பதை, தாங்களும் அதனுள் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்தால் மெய்ப்பிக்க வேண்டியது. மோசடி நிகழாவண்ணம் படத்தை அவ்விடத்திலேயே கழுவ வேண்டியது."

நரிக்குடிப் பக்கம் நீரேந்தல்னு ஒரு ஊரு. ஊருப் பெரியவுக கருத்தப்பாண்டி அண்ணன் மாட்டுவண்டியோட வந்து நின்னாக.

"சாலமோனு, குடிக்கிற தண்ணிக்கு ரெண்டு மைலு நடக்குறோம். இந்த வருசம் ஊருணியத் தோண்டலைன்னா ஊரக் காலி பண்ணிக்கிட்டுப் போகவேண்டியதுதான். படம் தத்ரூபமா இருக்கணும்ப்பா."

"சரிண்ணே."

"அந்த அன்னத் திரையவும் வண்டியில ஏத்து."

"அது எதுக்குண்ணே?"

"எதுக்கா? ஊரே நின்னு படம் எடுக்குது. பின்னால பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்தா பாக்குறவுக என்ன நெனைப்பாக? எவன் எங்க ஊருக்குப் பொண்ணு குடுப்பான்?"

எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. வறண்ட ஊருணிக்குள்ள ரெண்டு கம்பு நட்டுத் திரையைக் கட்டினோம். வெள்ளையும் சொள்ளையுமா ஊரே வந்து நின்னுச்சு. ஊர்ல இருந்த ஒத்தக் குடையை நாலு பேரு பிடிச்சுக்கிட்டாக.

ஒரு வீட்டுல கம்பளியத் தொங்கவிட்டு இருட்டாக்கி, கழுவுறதுக்கு எட்டுக் குடம் தண்ணி கேட்டேன். கருத்தப்பாண்டி அண்ணன் சம்சாரம் சந்தனம்மா நடையா நடந்து சுமந்துச்சு. எட்டாவது குடத்தை இறக்கிட்டுக் கேட்டுச்சு:

"தண்ணி இல்லைன்னு காட்ட இம்புட்டுத் தண்ணியாண்ணே?"

"சர்க்கார் உத்தரவும்மா."

"அப்ப தண்ணி இருக்குன்னு காட்ட எத்தன கொடம்?"

படம் அருமையா வந்துச்சு. அடியில மட்டும் ரெண்டு விரக்கடை, திரைக்குக் கீழ, வெடிச்ச தரை தெரிஞ்சுச்சு. அந்தப் படத்துல ஊருணின்னு இருந்தது அது ஒண்ணுதான். எனக்குப் பாக்கச் சகிக்கல. கலைக்குக் குந்தகம்னு பிளேடால நறுக்கிட்டேன்.

படம் ஆபீசுக்குப் போன பதினைஞ்சாம் நாளு ஸ்பெஷல் ஆபீசர் சௌந்தரபாண்டியன் காருல வந்து இறங்கினாரு. என்னையும் காமிராவும் திரையுமா வரச்சொல்லி ஆள் விட்டிருந்தாக.

"படத்தில் இருந்த தண்ணீர் எங்கே?"

"அது துணிங்க எசமான்"ன்னாக கருத்தப்பாண்டி அண்ணன்.

"ஃபைலில் தண்ணீர் என்று பதிவாகிவிட்டது. ஓவர்சியர் படத்தை அளந்து, பத்தடி ஆழம் என்று எழுதியிருக்கிறார். பதினைந்து நாளில் பத்தடித் தண்ணீரை யார் இறைத்தது? அன்னங்கள் இரண்டையும் காணோம்."

"விட்டா, கொழம்பு வச்சுத் தின்னுட்டோம்னு எழுதிருவாக போல"ன்னுச்சு சந்தனம்மா.

ஆபீசர் குமாஸ்தா பக்கம் திரும்பினாரு. "எழுதிக்கொள்."

கருத்தப்பாண்டி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாக. "எசமான், நீங்க நிக்கிறதே ஊருணிக்குள்ளதான். குனிஞ்சு பாருங்க."

ஆபீசர் குனிஞ்சு பாத்தாரு. நேர்மையான மனுசன். "வறண்டுதான் இருக்கிறது. ஆனால் அது என் சொந்த அபிப்பிராயம். ஆபீசுக்குப் படம் வேண்டும். நான் தணிக்கை செய்வதுபோல் ஒன்று எடு."

ஊரே பெருமூச்சு விட்டுச்சு. இந்தத் தடவை தரையை நறுக்குறதில்லைன்னு நானும் கர்த்தர்கிட்டச் சொல்லிட்டேன். நாற்காலியில உக்காந்த ஆபீசர் பின்னால திரும்பிப் பாத்தாரு. சட்டுன்னு அவருக்கு வீட்டுத் தமிழ் வந்துருச்சு.

"ஏம்ப்பா, இப்படியே எடுத்தா எடுப்பாவா இருக்கும்? எங்க மாமனார் வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பணும். அந்த ஏரியக் கட்டேன்."

கட்டினேன். மறுபடியும் எட்டுக் குடம். படத்தைப் பாத்துட்டு, பூட்ஸுல புழுதி தெரியுதேன்னாரு. அடியில ரெண்டு விரக்கடை நறுக்கினேன். பழகின கை.

ஈரம் காயுறதுக்குள்ள குமாஸ்தாவுக்கு முடிவைச் சொன்னாரு:

"நேரில் தணிக்கை செய்ததில், காணாமற்போன தண்ணீரும் அன்னங்கள் இரண்டும் யதாஸ்தானத்தில் இருக்கக் கண்டோம். கிராமத்தார் மேல் நடவடிக்கை இல்லை. ஊருணியை ஆழப்படுத்த அவசியமும் இல்லை. அன்னங்கள் வருஷந்தோறும் தணிக்கை செய்யப்படும்."

காரு போயிருச்சு. கருத்தப்பாண்டி அண்ணன் திரை கட்டின கம்பைப் பிடுங்கினாக. சந்தனம்மா எங்கிட்ட வந்துச்சு.

"அண்ணே, அந்தத் துணிய இங்கனயே விட்டுட்டுப் போங்க. அடுத்த வருசம் வந்து அன்னத்தக் காணோம்னா எங்களத்தான புடிப்பாக?"

"வைகாசி முகூர்த்தம் வருதும்மா"ன்னேன்.

ஏரியைச் சுருட்டி வண்டியில போட்டேன். மருந்து பட்டு விரலெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. கைகழுவ ஒரு செம்பு தண்ணி கேட்டேன்.

எட்டுக் குடமும் தீந்துபோச்சு. வீட்டுல குடிக்க வச்சிருந்ததுலருந்து மோந்துட்டு வந்து சந்தனம்மா ஊத்துச்சு.