சம்பந்தி கொடுத்த தோட்டா

'எனக்கு ஒத்துக்கொண்டது' இனத்தாரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பஸ்ஸில் பேப்பரைத் தூக்கிப் பிடித்து நீங்கள் கண்ணைச் சுருக்கினால் போதும், தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உங்கள் மூக்கில் மாட்டிவிட்டு, "இப்பத் தெரியுதா?" என்பார். தெரியவில்லை என்று சொல்லித்தான் பாருங்களேன். "பழகப் பழகத் தெரியும்" என்பார். அவருக்குக் கேட்ட லேகியம், அவருக்கு வாய்த்த தையற்காரர், அவர் காலைக் கடிக்காத செருப்பு, எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமலே பாதி மயிலாப்பூர் அந்த லேகியத்தைச் சாப்பிட்டது.

பஞ்சாட்சரத்துக்கு இந்த இனத்தில் வாய்த்தவர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, சம்பந்தி. மயிலாப்பூர் கோதண்டபாணியின் பிள்ளைக்குத் தம் பெண் ரத்னாவைக் கொடுப்பதாக ஆவணியில் தாம்பூலம் மாற்றியாயிற்று, தையில் கல்யாணம். தாம்பூலம் மாற்றிய அன்றே, தியாகராய நகர் வீட்டு அலமாரியில் பஞ்சாட்சரத்தின் மாமனார் விட்டுப்போன ரைஃபிள் ஒன்று லைசென்ஸோடு தூங்குவதை கோதண்டபாணி கண்டுபிடித்துவிட்டார். அவரிடம் இருப்பதும் அதே நம்பர், அதாவது அதே குழல் அளவுள்ள, ரைஃபிள். விடுவாரா? அடுத்த வாரமே பஞ்சாட்சரம் ரைஃபிள் கிளப்பில் மெம்பர்.

எழுபதாம் வருஷத்தில் சீமைத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. கோதண்டபாணி அதற்கெல்லாம் கவலைப்படுகிறவர் இல்லை. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கி வந்து, துடைத்து, நகைத் தராசில் வெடிமருந்தை நிறுத்து, மாதத்துக்கு ஒரு சிட்டிகையாகக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, தம் துப்பாக்கி எந்த அளவில் பிசகாமல் சுடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த அளவில் நூறு தோட்டா அடைத்து ஹார்லிக்ஸ் புட்டிகளில் போட்டு வைத்திருந்தார். அதில் பத்தை எடுத்து, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து, பஞ்சாட்சரத்திடம் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கிளப்புல இதைத்தான் சுடணும் சம்பந்தி. என்னை ஒரு தோட்டா கூட ஏமாத்தினதில்ல."

தட்டில் வைத்து நீட்டியதை எப்படி மறுப்பது? பஞ்சாட்சரம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை ரைஃபிளையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு, மவுண்ட் ரோடுச் சந்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் நூர் முஹம்மதுவிடம் போனார். பாய் ஒரு தோட்டாவை எடுத்து அளந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, யார் அடைச்சது?"

"சம்பந்தி. தன் பழைய துப்பாக்கில மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து அடைச்சார்."

"நம்பர் ஒண்ணுதான் சார். ஆனா அவருது பழைய துப்பாக்கி, தோட்டா உக்கார்ற அறை தேஞ்சி பெருத்துக்கீது. ஒரு தபா சுட்டா குப்பி அந்த அளவுக்கு உப்பிக்கும். உன்னுது டைட்டு, பின்னால தாழ்ப்பா மாதிரி கீற போல்ட்டு மூடாது. மருந்து வேற அவரு துப்பாக்கி தாங்கற ஓரம் வரைக்கும் ஏத்தி வச்சிக்கீறாரு. உன்னுது தாங்குமான்னு யாருக்குத் தெரியும்?"

"தாங்கலன்னா?"

பாய் தம் வலது கண்ணைக் கையால் பொத்திக் காட்டினார்.

"என்கிட்ட குட்த்துட்டுப் போ. பிரிச்சி, குப்பிய உன் அறை அளவுக்கு அமுக்கி, மருந்தைக் கொறச்சி ஆரம்பிச்சி, ஒண்ணொண்ணா சுட்டுப் பாத்துதான் ஏத்தணும்."

"நாளைக்கு சம்பந்தி பக்கத்துலயே நிப்பாரே, பாய்."

"கண்ணு யாருது சார்?"

நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் மனைவி சுலோச்சனா வேறு கேள்வி வைத்திருந்தாள். "தட்டுல வச்சுக் குடுத்ததைத் திருப்பினா அவங்க என்ன நெனைப்பாங்க? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. அவர் குடுத்த லேகியத்தை நான் சாப்பிடலையா?" சாப்பிட்டாள். சாப்பிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். ஒரு பக்கம் பெண்ணின் கல்யாணம், இன்னொரு பக்கம் வலது கண். அன்று முழுக்க பஞ்சாட்சரம் வாய்க்கு ருசியாக எதையும் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை, வேளச்சேரி போகிற வழியில் கிளப்பின் பொட்டல். பஞ்சாட்சரம் இலக்குப் பலகையைப் பார்த்துக் குப்புறப் படுத்தார். தோளுக்கு மேல் சம்பந்தி. தோட்டாவைப் போட்டார். பாய் சொன்னபடியே போல்ட் பாதியில் நின்றது.

"உள்ளங்கையால ஒரு தட்டு தட்டுங்க சம்பந்தி, உக்காந்துடும்."

பஞ்சாட்சரம் கையை ஓங்கினார். அப்படியே இறக்கினார். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு எழுந்தார்.

"உங்க கை ராசியான கை சம்பந்தி. முதல் தோட்டாவை நீங்களே சுட்டு ஆரம்பிச்சு வைங்க."

சொல்லியாயிற்று. மனிதர் நிஜமாகவே தட்டிவிட்டால்? கையைப் பிடித்து இழுத்துவிடத் தயாராக ஒட்டி நின்றுகொண்டார். கோதண்டபாணி துப்பாக்கியை வாங்கினார். தோட்டாவைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது என் துப்பாக்கி இல்லையே, சம்பந்தி" என்றார்.

"அதைத்தான் நூர் பாயும் சொன்னார்" என்றார் பஞ்சாட்சரம், மிகவும் பணிவாக.

பத்துத் தோட்டாவும் பாயிடம் போயின. கல்யாணம் தையில் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தலில் கோதண்டபாணி நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பார்: "துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளவு வேற சார். சம்பந்திக்கு அது தெரியல. நான்தான் அன்னைக்குத் தடுத்தேன்." சுலோச்சனாவுக்குச் சம்பந்தி வீட்டுத் தாம்பூலத்தோடு ஒரு புட்டி லேகியமும் வந்து சேர்ந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "எனக்குச் சிரிப்பு தாங்கலை, படிங்க, உங்களுக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்கிறாரா சிரிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறீர்கள். அவர் கண்ணைச் சுருக்கும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக்குத்தான் போகும்.